அண்ணி எழுதிய சிவப்பு வரி

கதை கேட்க வந்தவர்களுக்கு முதலில் உட்கார ஒரு இடம் காட்ட வேண்டும். அதனால் கூடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அது ஒரு காலத்தில் ஐஸ் தொழிற்சாலை. சுவர் ஒன்றரை முழக் கனம். இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவில் மரத்தூளைத் திணித்துக் கட்டியது. ஐஸ் போய் எத்தனையோ வருஷமாகியும், உள்ளே காலை வைத்தால் இன்னும் உள்ளங்கால் சில்லென்று இருக்கும். வெளியே லாரி ஹாரன் அடித்தால் உள்ளே கேட்காது. உள்ளே ஒருவர் தும்மினால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். மைக் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் கூடத்தில்தான் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் பேச்சு வரிசை நடக்கிறது. கலை, அரசியல், சமூகம், எதைப் பற்றியும் பேசலாம். பாட்டு எழுதுகிறவன் தேர்தலில் நிற்கலாமா என்று ஒரு மாதம். சிரிப்பு நாடகத்தில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு மாதம். அந்த மாதம் நாலு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், அடுத்த மாதம் முதல் ஆளாக வந்து முன் பெஞ்சைப் பிடித்தார்கள். மேடையில் இரண்டு பேர் பேசுவார்கள். பிறகு கீழே இருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம். நாலாவது நிமிஷம் தொடங்கினால் மணி அடித்துவிடும். அடிப்பவர் மருந்துக்கடைக்காரர், இந்த வரிசையை நடத்துவதும் அவர்தான். கடை மேசையில் இருக்கும் மணியையே கையோடு எடுத்து வந்துவிடுவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'மூணு நிமிஷம்'. வீட்டில் அவர் சம்சாரமும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

இன்னொரு வழக்கம் உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது, சற்றுக் கவனமாகக் கேளுங்கள். கூட்டம் தொடங்கியதும் போன மாதம் பேசியவற்றின் பதிவை வாசிப்பார்கள்; அதன் நகல் தாள் முன்னாலேயே எல்லோர் கைக்கும் வந்திருக்கும். அதில் தன் பேச்சு சரியாக இல்லை என்று நினைப்பவர் எழுந்து, "அது என் வார்த்தை இல்லை" என்று சொல்லலாம். சொன்னால், பதிவு எழுதியவர் தன் கைக்குறிப்பைத் திறந்து அங்கேயே வாசிக்க வேண்டும். மறுத்தவரும் சும்மா மறுத்துவிட்டு உட்கார முடியாது. அவருடைய வார்த்தை எதுவோ, அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதைச் சிவப்பு மையில் எழுதி, கூட்டம் கை தூக்கி ஏற்க வேண்டும்.

பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட அப்படி எழுந்ததில்லை. காரணம், பதிவு எழுதியது என் அண்ணி.

அண்ணி ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவர். மேலாளர்கள் உளறியதையெல்லாம் கடிதமாக்கிக் கொடுத்த கை. அவர்கள் பேச்சில் ஆரம்பம் இருந்தால் முடிவு இருக்காது, முடிவு இருந்தால் வினைச்சொல் இருக்காது. அண்ணி அத்தனையையும் ஒட்டித் தைத்து மேசையில் வைப்பார். அந்தப் பழக்கம் கூடத்துக்கும் கூடவே வந்துவிட்டது. நம் ஆட்கள் எழுந்து தட்டித் தடுமாறிப் பேசுவார்கள். பதிவில் பார்த்தால் பட்டுச் சேலை மடித்து வைத்த மாதிரி இருக்கும். நான்கூட ஒரு தடவை எழுந்து, பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்பதையே மறந்து உட்கார்ந்துவிட்டேன். பதிவில், "கலைக்கு முதல் தேவை பொறுமை என்று ஓர் அம்மையார் சுருக்கமாக எடுத்துரைத்தார்" என்று வந்தது. நான் நாலு பேரிடம் காட்டினேன். நீங்களாக இருந்தாலும் காட்டியிருப்பீர்கள்.

கூடத்துக்கு எதிரே துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் இஸ்திரி அக்கா, ஒரு மாதத் தாளில் தன்னைப் பற்றி வந்த வரியை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார். அப்படிப்பட்ட தாளில் யார் போய்க் குறை சொல்வார்கள்?

அந்த மாதத் தலைப்பு, 'கலைக்கு ஒரு கட்டடம் வேண்டுமா?' மேடைக்கு நகரசபைத் தலைவரை அழைத்திருந்தார்கள். கட்டடம் நகரசபையுடையது. அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடம் ஆக்கப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு புகைச்சல். யாரோ அதை நேராகவே கேட்டுவிட்டார்கள். தலைவர் ஏதோ சொன்னார். நாங்கள் கை தட்டினோம். பதிவில், "இது நம் எல்லோருடைய இடம்; இதை இடிக்கமாட்டோம் என்று தலைவர் உறுதியளித்தார்" என்று இருந்தது.

பத்தே நாளில் கூடத்தின் கதவில் இடிப்பு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, வக்கீல் தம்பி அண்ணி வீட்டுக்கு வந்தார். இடிப்பை நிறுத்தச் சொல்லி, காசு வாங்காமல் எங்களுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தவர். நானும் அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, நம்ம கையில இருக்கறதே உங்க பதிவு ஒண்ணுதான்," என்றார். "நகரசபைக்கு மேல இருக்கற அதிகாரி விசாரணையில அதைத்தான் வைக்கப்போறேன். பதினோரு வருஷமா யாரும் கை வைக்காத நோட்டுன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. சனிக்கிழமை தலைவர் வந்து மறுப்பார். மறுக்கட்டும். நீங்க குறிப்பைத் தொறந்து, ஆமா, சொன்னார்னு வாசிச்சுட்டீங்கன்னா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"வாசிக்கறேன் தம்பி. அதுக்கென்ன," என்றார் அண்ணி.

வக்கீல் போனதும் அண்ணி குறிப்பேட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்து ஒரு வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார்.

"என்ன அண்ணி, கடன்காரனைப் பாத்த மாதிரி முழிக்கறீங்க?"

"கீரையைக் கீழ வை. காதைக் குடு." அண்ணி வாசித்தார். "'அதெல்லாம்... இது நம்ம எல்லாருடைய எடம்மா. அதைப் போயி எப்படி... நம்ம கையாலயே... அப்படியெல்லாம் நடக்குமா? விடுங்க, விடுங்க.' இவ்வளவுதான். இதுக்கப்புறம் கைதட்டல்னு குறிச்சிருக்கேன்."

"சரி. அதுக்கு இடிக்கமாட்டோம்னுதானே அர்த்தம்?"

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. பட்டதை எழுதிட்டேன். அவர் சொல்லலையேடி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நான் விடவில்லை. "அண்ணி, இந்தக் கோடும் கொக்கியும் உங்களைத் தவிர இந்த ஊர்ல யாருக்குப் படிக்கத் தெரியும்? கோழி கிளறின மாதிரி இருக்கு. நீங்க என்ன வாசிக்கறீங்களோ அதுதான் எழுத்து."

"எனக்குப் படிக்கத் தெரியுமே."

"அப்ப கூடம் போகட்டும்ங்கறீங்களா? அந்த ஆளு வழவழா கொழகொழான்னு பேசி நம்மளை ஏமாத்தினாரு. நீங்க பதிலுக்கு அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரியா இருந்து நம்ம வாயில மண்ணைப் போடுங்க. நல்லா இருக்கு நியாயம்!"

"கூடம் போகக் கூடாது. என் நோட்டும் போகக் கூடாது. கத்தாதே, யோசிக்க விடு."

அடுத்த அறையிலிருந்து என் அண்ணன் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் சண்டை போடறதுன்னா ஆளுக்கு மூணு நிமிஷம் போடுங்க. சோத்துக்கு நேரமாச்சு."

அண்ணி சிரிக்கவில்லை. முப்பது வருஷமும் பதினோரு வருஷமுமாக, எல்லோருடைய பேச்சையும் நல்லதாக்கிக் கொடுத்ததை அவர் ஒரு உபகாரமாகத்தான் நினைத்திருந்தார். அன்றைக்கு அந்தக் குறிப்பேட்டின் முன் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க, தானே சமைத்ததில் தானே கல்லைக் கடித்தவர் மாதிரி இருந்தது. நான் கோபத்தில் கீரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பாதி வழியில் திரும்பி வந்து ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனேன். கோபம் வேறு, கீரை வேறு.

சனிக்கிழமை கூடத்தில் எள் விழ இடமில்லை. ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள். தலைவர் முன் பெஞ்சில், வெள்ளைச் சட்டையில், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். வக்கீல் தம்பி சுவரோரம். நான் அவருக்குப் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சு. அண்ணி மேடையில், தன் சின்ன மேசைக்குப் பின்னால். வழக்கமான பருத்திச் சேலை. மேசையில் குறிப்பேடு, நீலப் பேனா. பக்கத்தில் மூடி திறக்காத சிவப்புப் பேனா. பதினோரு வருஷமாக அது அங்கே வெறும் அலங்காரம்.

மருந்துக்கடைக்கார 'மூணு நிமிஷம்' மணியைத் தட்டினார். பதிவை அண்ணியே வாசித்தார். தலைவர் உறுதியளித்தார் என்ற இடம் வந்ததும் தலைவர் எழுந்தார்.

"அது என் வார்த்தை இல்லை."

கூடத்தில் ஓர் இரைச்சல். பின்னாலிருந்து ஒருவர், "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறாருப்பா!" என்றார். இன்னொருவர், "நாங்க கை தட்டினோமே, எங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார். மணி அடித்தது.

"மறுப்பு வந்திருக்கு," என்றார் மூணு நிமிஷம். இந்த வார்த்தையை அவரும் முதல்முறையாகச் சொல்கிறார். "குறிப்பை வாசிங்கம்மா."

வக்கீல் தம்பி அண்ணியைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். அண்ணி எழுந்தார். குறிப்பேட்டைத் திறந்தார். கண்ணுகளா, நான் பெஞ்சின் நுனிக்கே நகர்ந்துவிட்டேன். ஒரு பொய். ஒரே ஒரு வரி. யாராலும் கண்டுபிடிக்க முடியாதது. சொல்லிவிடுங்கள் அண்ணி என்று என் மனசு கத்தியது.

அண்ணி வாசித்தார். "'அதெல்லாம்... இது நம்ம எல்லாருடைய எடம்மா. அதைப் போயி எப்படி... நம்ம கையாலயே... அப்படியெல்லாம் நடக்குமா? விடுங்க, விடுங்க.'"

அந்தக் கூடத்தின் சுவர்தான் தெரியுமே. ஒரு மூச்சுகூட வீணாகாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"தலைவர் சொல்றது சரி," என்றார் அண்ணி. "உறுதின்னு அவர் சொல்லலை. இடிக்கமாட்டோம்னும் சொல்லலை. அவர் பேசினதைவிட நல்லா எழுதிட்டேன். தப்பு என்னுது."

வக்கீல் தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் முகம் மலர்ந்துபோய் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? நான் சும்மா சொல்லுவேனா? அம்மா நியாயமானவங்க." பக்கத்து ஆள் கை தட்டினான். அவன் ஒருவன்தான் தட்டினான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

அதற்குள் நடு வரிசையில் இஸ்திரி அக்கா எழுந்துவிட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்ப என் பேச்சும் அப்படித்தானாம்மா? சுவத்துல ஒட்டி வச்சிருக்கேனே. அதுவும் நான் பேசினது இல்லையா?"

இது யாரும் எதிர்பாராதது. மூணு நிமிஷம் மணிக்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அண்ணி பதிவுத் தாளை எடுத்து முதலில் அதை வாசித்தார். "'கலைஞரின் உழைப்புக்கு உரிய களம் தேவை என்று சலவைத் தொழிலாளர் ஒருவர் கருத்துரைத்தார்.' இது நான் எழுதினது." பிறகு குறிப்பேட்டில் பக்கத்தைப் புரட்டினார். "இது நீங்க பேசினது.

"'நான் படிக்கலைங்க. இங்க நாடகம் போடறவங்க துணியெல்லாம் என் கைக்குத்தான் வருது. ராஜா வேஷத்துத் துணியிலயும் வேர்வை, பிச்சைக்காரன் வேஷத்துத் துணியிலயும் அதே வேர்வை. கறை போகும்ங்க, அந்த வாசனை போகாது. ராத்திரி பகலா ஆடி வந்த வேர்வை. அது விழறதுக்கு ஒரு தரை வேணாமா? கார் நிக்க எடம் இருக்கு, வேர்வை நிக்க எடமில்லையா?'"

அண்ணி நிமிர்ந்தார். போன மாதம் அந்த அக்கா இதைப் பேசியபோது நாங்கள் பாதிப் பேர் டீ வரப்போகிறது என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது காதில் விழுந்தது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு தட்டினார்கள் பாருங்கள், ஐஸ் ஃபேக்டரி உருகுகிற மாதிரி.

"அட, நானா பேசினேன்?" என்றார் இஸ்திரி அக்கா. "அதை எழுதிக் குடுங்கம்மா. பழசைக் கிழிச்சுட்டு அதை ஒட்டிக்கறேன்."

"தரேன். உங்ககிட்டயும் நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றார் அண்ணி. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். அவர் எழுந்து நிழலைப் போலக் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்திருந்தார். "தலைவரே, எங்க கெளம்பிட்டீங்க? உங்க முறை முடியலையே."

"என் முறையா? நான்தான் மறுத்துட்டேனே."

"மறுத்தவர் தன் வார்த்தை எதுன்னு சொல்லணும். அதுதான் இங்க வழக்கம்." அண்ணி சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பதினோரு வருஷ மை. எழுதுமா என்று தன் விரலில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். எழுதியது. "இடிப்பீங்களா, மாட்டீங்களா? நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே எழுதறேன். இந்த முறை ஒரு எழுத்துகூட நல்லா ஆக்கமாட்டேன்."

மூணு நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க நேரம் தொடங்குது தலைவரே."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதாவது... இது வந்து..."

அண்ணியின் பேனா ஓடியது. "'அதாவது, இது வந்து.' எழுதிட்டேன். மேல சொல்லுங்க."

"அதையெல்லாமா எழுதறீங்க?"

"'அதையெல்லாமா எழுதறீங்க.' ம்."

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. தலைவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வளர்ச்சின்னு பாக்கும்போது... ஒரு பக்கம் கலை இருக்கு, ஒரு பக்கம் போக்குவரத்து இருக்கு... ரெண்டையும் நாம..." அண்ணி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் பேனாவும் நின்றது. பேனா காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதுதான் ஆளை உலுக்கியது. எத்தனை மேடை ஏறியவர்! எத்தனை பேர் அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதி, பேசாததைப் பேசியதாகப் போட்டு, அவரைத் தூக்கி வைத்திருப்பார்கள்! தன் பேச்சைத் தன் காதாலேயே கேட்க வேண்டிய நிலைமை அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். இஸ்திரி அக்காவைப் பார்த்தார். பிறகு வேறு குரலில், மேடைக்குரல் இல்லாமல், சொன்னார்.

"இடிக்கறதாத்தான் இருந்தோம். தீர்மானம் போட்டாச்சு. உங்ககிட்ட கேக்கலை. கேட்டா விடமாட்டீங்கன்னு கேக்கலை. சரி... இப்ப சொல்றேன். எழுதிக்கோங்க. நகரசபைக் கூட்டத்தை இதே கூடத்துல, உங்களை எதிர்ல உக்கார வச்சு நடத்துவேன். அதுல முடிவாகாம ஒரு செங்கல்லயும் கை வைக்கமாட்டேன். இது என் வார்த்தை."

அண்ணி எழுதி முடித்து வாசித்தார், அந்த 'சரி'யும் அதற்குப் பின் இருந்த நிறுத்தமும் உட்பட. தலைவர் மேடையேறிக் கையெழுத்துப் போட்டார். கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

வக்கீல் தம்பி என் பக்கம் குனிந்து, "நான் கேட்டது உறுதிமொழி. இது அதைவிடக் கம்மி," என்றார். ஆனால் அவர் கண் பளபளத்தது. "கம்மிதான். ஆனா நிக்கும்."

நின்றது. மூன்று வாரம் கழித்து நகரசபை எங்கள் கூடத்தில் கூடியது. அண்ணி குறிப்பேட்டோடு உட்கார்ந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் யோசித்துப் பேசியதை நான் என் கண்ணால் பார்த்தேன். வழவழா கொழகொழா ஆட்கள்கூட, முழு வாக்கியமாகத் தொடங்கி முழு வாக்கியமாக முடித்தார்கள். இடிக்க வேண்டும் என்று கடைசியில் கை தூக்கியவர்கள் நாலே பேர். அந்த நாலு பேரும் காரணத்தை நேராகச் சொன்னார்கள். அதற்கும் நாங்கள் கை தட்டினோம். கார்கள் இப்போது காய்கறிச் சந்தைக்குப் பின்னால் நிற்கின்றன.

அடுத்த முதல் சனிக்கிழமை அண்ணி பதிவை வாசிக்க எழுந்தார். முதல் வரி சிவப்பு மையில் இருந்தது. "'பதினோரு ஆண்டுகளாக இந்தப் பதிவில், பேசியவர்களின் வார்த்தைகளுக்குப் பதிலாக எழுதியவரின் வார்த்தைகள் இருந்தன. தவறு எழுதியவருடையது. இனி பேசியது பேசியபடியே இருக்கும்.'"

அதன்படி அன்றைக்கு வாசித்த பதிவில் ஒருவர் ஏழு தடவை 'அதாவது' சொன்னார். ஒருவர் அழுதார், அழுததும் இருந்தது. கேட்டுச் சிரித்தோம், சில இடங்களை இன்னொரு தடவை வாசிக்கவும் சொன்னோம்.

"பதிவை ஏற்பவர்கள் கை தூக்கலாம்," என்றார் மூணு நிமிஷம்.

என் அண்ணி அங்கே நின்றிருந்தார். விரலில் சிவப்பு மை. என் அண்ணன் வீட்டுக்கு வாழ வந்தவர், நான் பொய் சொல்லச் சொல்லியும் சொல்லாதவர். நான் கையைத் தூக்கினேன். அது போதாது என்று தோன்ற, இன்னொரு கையையும் தூக்கினேன்.

மூணு நிமிஷம் மணியைத் தட்டினார். "மூணாவது பெஞ்சு அம்மா, ஆளுக்கு ஒரு கைதான்."

"தெரியும்," என்றேன். "அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

அண்ணி எழுதிக்கொண்டார்.